வெறுஞ்சட்டியில் கடுகு

வெறுஞ்சட்டியில் வெடிக்கிற கடுகுக்கு ஒழுங்கு கிடையாது. எண்ணெயில் போட்டால் படபடவென்று கூட்டமாகப் பொரிந்து சட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். காய்ந்த இரும்புச் சட்டியில் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. சூடு ஏறவில்லையோ என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோகும் நேரம் பார்த்து ஒன்று துள்ளி நெற்றியில் அடிக்கும். அப்புறம் ஆளுக்கொரு திசை. அம்பாசமுத்திரத்தில் எங்கள் அடுக்களையைப் பெருக்கினால் அரிசிப்பானைக்குப் பின்னால், ஜன்னல் கட்டையில், சுவரில் தொங்கும் காலண்டரின் சுருளுக்குள் எல்லாம் கடுகு கிடக்கும். 1993 கார்த்திகையிலிருந்து அப்படி.

அந்தக் கார்த்திகையில்தான் அப்பா மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார். வந்த அன்றைக்கே அம்மா தாளிப்பதை நிறுத்திவிட்டாள். ஆச்சி, அப்பாவைப் பெற்றவள், இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் திண்ணையிலிருந்து குரல் வந்தது: "ஏளா, வீட்ல யாருக்கும் அம்மை போட்டிருக்கா? தாளிச்ச மணத்தையே காணோம்." எங்கள் பக்கம் அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள். அந்த நெடியும் சத்தமும் அம்மனுக்கு ஆகாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி அம்மன் இறங்கிய பிறகுதான் கடுகு வெடிக்கும். தெருவில் அந்த மணம் வந்தால் பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்கு வந்த அம்மன் பதினாறு வருஷம் இறங்கவில்லை.

ஆச்சிக்குப் பயந்தோ, அவளுக்கே பொறுக்காமலோ, ஒரு வாரம் கழித்து அம்மா வெறுஞ்சட்டியில் கடுகைப் போட்டுப் பார்த்தாள். கூடவே உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, ஒரு மிளகாய் வத்தல். பருப்பு ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் வெள்ளையாகவே இருந்தது. கறிவேப்பிலை மட்டும் மொறுமொறுவென்று நன்றாக வந்தது. மணம் வந்தது, ஆனால் அது தாளிப்பு மணம் இல்லை. வறுத்த கடுகின் கைப்பான மணம். அதை ரசத்தில் கொட்டினால் 'சொய்ங்' என்ற சத்தம் வராது. மழை பெய்து இடி இடிக்காத மாதிரி இருக்கும்.

மதுரை டாக்டர் அப்பாவிடம் முதலில் கேட்டது சிகரெட் உண்டா என்று. இல்லை. குடி? இல்லை. கறி, மீன், முட்டை? அப்பா கட்டிலில் கொஞ்சம் நிமிர்ந்து, "நாங்க சைவம் சார்" என்றார். கூட்டுறவு வங்கியில் தணிக்கை வரும்போது 'என் பேரேட்டில் தப்பிருக்காது' என்று சொல்வாரே, அதே தொனி. டாக்டர் ஆஞ்சியோ படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "தேங்காயும் நெய்யும் கூடச் சைவம்தானே" என்றார்.

அந்தப் பதிலை அப்பா கடைசிவரை மன்னிக்கவில்லை. சமயத்துக்கும் சாப்பாட்டுக்கும் எங்கள் பேச்சில் ஒரே சொல். சைவமாக இருப்பதே ஒரு காப்பு என்று அவர் நம்பியிருந்தார். செடியில் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது என்பது உண்மைதான்; அதனால்தான் அந்தக் காலத்து டிவியில் 'கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்' என்று பெருமையாக விற்றார்கள், என்னவோ மற்ற எண்ணெய் வித்துகளில் அது இருக்கிற மாதிரி. ஆனால் ரத்தத்தில் சுற்றும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை நம் ஈரலே செய்துகொள்கிறது. நெய், வெண்ணெய், வனஸ்பதி, தேங்காய் எண்ணெய் என்று நிறைவுற்ற கொழுப்பு உள்ளே போகப்போக, கெட்ட கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் வேலையில் ஈரல் சுணங்கிவிடுகிறது. அது தேங்காயிலிருந்து வந்ததா ஆட்டிலிருந்து வந்ததா என்று குலம் விசாரிப்பதில்லை.

தேங்காய் இல்லாமல் திருநெல்வேலிச் சைவச் சமையல் என்று ஒன்று உண்டா? கல்யாணத்துக்கு மறுநாள் சொதி போட்டால்தான் எங்களில் சம்பந்தம் முடிந்த மாதிரி. தேங்காயை அரைத்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து, மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, பாசிப்பருப்பைச் சேர்த்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த சாற்றை விட்டு, இறக்கும் நேரத்தில் முதல் பால். அதற்கு மேல் கொதிக்க விட்டால் திரிந்துவிடும். எலுமிச்சம்பழம் பிழிவது அடுப்பை அணைத்த பிறகு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அப்பாவுக்காக அம்மா ஒரு தடவை பாசிப்பருப்பை மசிய வேகவைத்துக் கடைந்து, அந்தத் தண்ணீரையும் கொஞ்சம் பாலையும் விட்டுச் சொதி மாதிரி ஒன்று செய்தாள். நிறம் அச்சு அசல். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது சொதி இல்ல, சொதப்பல்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்து, இன்னும் ஒரு கரண்டி விடச் சொன்னார். அந்த இரண்டாவது கரண்டியை நினைக்கும்போது இப்போதும் தொண்டையில் என்னமோ செய்கிறது.

ஆஸ்பத்திரியில் டைப் அடித்த ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், ப்ரோக்கோலி, ஸ்கிம்டு மில்க். நான் வாசிக்க வாசிக்க அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "இதுல நம்ம ஊர்க் கடையில கிடைக்கிறது ஏதாவது இருக்காப்பா?" கடைசி வரியில் தண்ணீர் என்று போட்டிருந்தது, ஒரு நாளைக்கு எட்டு டம்ளர்.

அவள் அந்தத் தாளை மடித்து அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டுத் தன்னிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று யோசித்தாள். நிறைய இருந்தது. இட்லி, இடியாப்பம், உப்பு நீரில் வெந்த பயறு, கொள்ளு ரசம், வறுத்து அரைத்த துவையல், பழைய சோறு. கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைப் பொரிக்காமல் தணலில் வாட்டினாள். ஆச்சி காலத்தில் எங்கள் வீட்டில் தினமும் மோர் கடைவார்கள். வெண்ணெயெல்லாம் உருக்கி நெய்யாகி ஜாடிக்குள் போய் விருந்தாளிக்கும் விசேஷத்துக்கும் காத்திருக்கும், வீட்டுக்காரர்கள் குடித்தது கொழுப்பெடுத்த மோர். பலகாரச் சட்டி அடுப்பில் ஏறுவதும் தீபாவளிக்கு, சம்பந்தி வந்தால், எப்போதாவது வடைக்கு. அன்றாடம் காய்ந்த சாப்பாடு, நாள் கிழமைக்கு மினுமினுப்பு. எப்போது எங்கள் வீட்டில் எல்லா நாளும் விசேஷ நாளாயிற்று என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்பாவுக்குச் சம்பளம் கூடிய பிறகாக இருக்கலாம். தகர டப்பாவில் ரீஃபைண்ட் எண்ணெய் வந்து, ஊற்றுகிற கை தாராளமாயிற்று. டால்டா டப்பாக்களில் துளசி வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பூரி என்பது சட்டமாயிற்று.

செக்கு எண்ணெயை அப்படி ஊற்ற முடியாது. ஆச்சிக்கு அது தெரியும். எள்ளைக் காயவைத்து, புடைத்து, கூடவே கருப்பட்டியும் எடுத்துக்கொண்டு செக்கடிக்குப் போய், ஆட்டி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து தூக்குவாளியில் கொண்டுவந்தவள் அவள். இத்தனை படி எள்ளுக்கு இவ்வளவு எண்ணெய் என்று கண்ணால் பார்த்தவளுக்கு ஒரு கரண்டி எண்ணெய் என்பது ஒரு கரண்டி எண்ணெய் இல்லை.

டாக்டர் கொடுத்த அளவு, ஆளுக்கு மாதம் அரை லிட்டர். அம்மா அப்பாவுக்கென்று தனியாகப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் அரை லிட்டர் நல்லெண்ணெயை ஊற்றி, வெளியே மூன்று இடத்தில் நூல் கட்டினாள். ஒரு வாரத்துக்கு ஒரு நூல். செவ்வாய்க்கிழமையே நூலுக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த வாரம் மீதி நாள் எல்லாம் ஆவியில் வெந்ததுதான்.

பின்னால் நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அரை லிட்டர் எண்ணெய் சுமார் 460 கிராம். ஒரு நாளைக்கு 15 கிராம், அதாவது ஒரு மேஜைக்கரண்டி. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4. ஆக எண்ணெயில் மட்டும் 135 கலோரி. அதற்கு மேல் அரிசி, பருப்பு, பாலில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது வேறு. அம்மா செய்துகொண்டிருந்தது ஒரு வகையில் அமெரிக்காவில் டீன் ஆர்னிஷ் என்ற டாக்டர் சொன்னதற்குப் பக்கத்தில் வரும். மொத்தக் கலோரியில் கொழுப்பு 10 சதவீதம்தான் இருக்கலாம் என்பது அவர் கணக்கு. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு எல்லாம் சேர்த்து 22 கிராம். முழுச் சைவம், முட்டையின் வெள்ளைக்கரு மட்டும் விதிவிலக்கு, கொழுப்பெடுத்த பாலோ தயிரோ தினம் ஒரு கப். எங்கள் மோர்!

ஆர்னிஷ் புத்தகத்தை 1996இல் அமெரிக்காவிலிருந்து அத்தான் அனுப்பியிருந்தார். அதைப் புரட்டிக்கொண்டிருந்த இரவில் அப்பா கூடத்தில் பாயில் மல்லாந்து படுத்து, கையையும் காலையும் அகட்டி, யாரோ சொல்லிக்கொடுத்த சவாசனத்தைச் செய்துகொண்டிருந்தார். பத்தமடைப் பாய். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனால் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி தாண்டி வருமே, அந்தப் பத்தமடை. கோரைப்பாய்க்குப் பேர் போன ஊர். அங்கே 1887இல் பிறந்து, மலாயாவில் டாக்டராக இருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரிஷிகேசம் போனவர் சுவாமி சிவானந்தர். அவரிடம் 1949இல் துறவு வாங்கியவர் கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த ராமசாமி. சுவாமி சச்சிதானந்தர் என்று பேராகி, 1966இல் அமெரிக்கா போய், 1969இல் வுட்ஸ்டாக் மேடையில் லட்சக்கணக்கான இளைஞர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தவர். கல்லூரி நாளில் மனம் உடைந்து கிடந்த ஆர்னிஷ் டெக்ஸாஸில் இந்தச் சச்சிதானந்தரைச் சந்தித்துத்தான் யோகாவுக்கும் மரக்கறிக்கும் வந்தார். பத்தமடையில் தொடங்கிய விஷயம் ரிஷிகேசம், அமெரிக்கா எல்லாம் சுற்றி, புத்தகமாக அம்பாசமுத்திரத்துக்கு வந்திருக்கிறது. நேரே வந்தால் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இதை அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கண்ணைத் திறக்காமல், "சிவானந்தர் அல்வா சாப்பிட்டிருப்பாரா, எழுதியிருக்கா பாரு" என்றார்.

ஆர்னிஷின் ஆராய்ச்சி 1990இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மொத்தம் 48 நோயாளிகள்தான். ஒரு வருஷத்தில் கட்டுப்பாடாக இருந்தவர்களுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு சராசரியாக 40 சதவீதத்திலிருந்து 37.8ஆக இறங்கியது, மற்றவர்களுக்கு 42.7இலிருந்து 46.1ஆக ஏறியது. பார்க்கச் சின்ன எண். ஆனால் அடைப்பு ஏறத்தான் செய்யும், இறங்காது என்று நம்பியிருந்த காலத்தில் இறங்கியது என்பதே பெரிய சேதி. சாப்பாட்டோடு நடை, தியானம், சிகரெட்டை விடுவது, உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது எல்லாம் சேர்ந்த ஏற்பாடு அது. எதனால் இறங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று குறை சொன்னவர்களும் உண்டு. நாங்கள் அதில் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது எங்கள் வீட்டு ஆண்களுக்கு எண்ணெயில்லாச் சமையலைவிடக் கஷ்டம்.

அல்வா விஷயத்துக்கு வருகிறேன். வராமல் முடியாது. நெல்லையப்பர் கோவில் எதிரே இருட்டுக்கடையில் சாயங்காலம் நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வீட்டில் யாராவது ஒரு இதய நோயாளி இருப்பார் என்று எனக்குத் தோன்றும். சம்பா கோதுமைப் பால், சர்க்கரை, நெய். இலைக்கீற்றில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். அப்பா ஓய்வுபெற்ற பிறகு பென்ஷன் சங்க வேலை என்று மாதம் ஒரு தடவை திருநெல்வேலி டவுனுக்குப் போய்வருவார். திரும்பி வந்ததும் சட்டையைத் தானே துவைப்பார். வாழ்நாளில் ஒரு கர்ச்சீப் துவைத்திராத மனிதர். அம்மா ஒன்றும் கேட்டதில்லை. அந்த வாரம் மட்டும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் எண்ணெய் இறங்காது. அவள் பாட்டுக்குக் கழித்துக்கொள்வாள்.

ஆனால் அப்பாவைச் சிக்கலில் கொண்டுபோய் விட்டது அல்வா இல்லை, சோறு. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. எண்ணெயும் தேங்காயும் வெளியே போன இடத்தில் என்ன வந்து உட்காரும் என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. வந்து உட்கார்ந்தது வெள்ளைச் சோறு. வெஞ்சனத்தில் ருசி இல்லாவிட்டால் ரசத்தை ஊற்றி இன்னும் இரண்டு கை சோறு உள்ளே போகும். மூன்று வருஷம் கழித்து ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் அழகாக இறங்கியிருந்தது, ஆனால் டிரைகிளிசரைடு 280. செலவழியாத மாவுச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்திலேயே அனுப்பிவைக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு பட்டினி கிடந்தும் கொழுப்பா என்று அம்மா ரிப்போர்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அவள் மேல் யாரோ திருட்டுப் பட்டம் கட்டிய மாதிரி. இன்னும் இரண்டு வருஷத்தில் சர்க்கரையும் வந்தது. பிறகு சோறு ஒரு கிண்ணம் என்று அளவாயிற்று, கேப்பையும் பயறும் காயும் கூடின, தினம் நாலு வேர்க்கடலைக்கு அனுமதி வந்தது. 'கொழுப்பைக் குறை' என்ற உத்தரவு தப்பில்லை. பாதி உத்தரவு, அவ்வளவுதான்.

ஆர்னிஷுக்கும் முன்னால் அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் என்ற ஜெர்மானிய டாக்டர் 1939இலிருந்து ரத்தக்கொதிப்புக்கு வெறும் சோறும் பழமும் கொடுத்து வைத்தியம் பார்த்திருக்கிறார் என்று பின்னால் படித்தேன். உப்பு இல்லை, கொழுப்பு அநேகமாக இல்லை. அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். சோற்றுக்கு ஆதரவாக ஒரு வெள்ளைக்காரன் சாட்சி சொன்னான் என்று ஒரு வாரம் சந்தோஷமாக இருந்திருப்பார்.

இத்தனையும் அப்பா கதையாகவே போய்க்கொண்டிருக்கிறது. உண்மையில் அந்தச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டது அம்மா. எங்களுக்கும் ஆச்சிக்கும் ஒரு சமையல், அப்பாவுக்கு ஒரு சமையல் என்று இரண்டு அடுப்பும் எரியும். அம்மா சாப்பிடுவது எல்லோருக்கும் பிறகு. எங்கள் சட்டி காலியாக இருக்கும், அப்பாவுடையதில் மிஞ்சியிருக்கும். "அவருக்குச் செஞ்சதை யாரு திங்கிறது, குப்பையிலயா கொட்டுறது?" அப்பாவுக்காவது அல்வா இருந்தது. இவளுக்கு இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. ஐந்தாறு வருஷத்தில் வளையல் முழங்கைவரை ஏறியது. குதிகால் வெடித்தது. உள்ளூர் டாக்டரம்மா விசாரித்துவிட்டுச் சத்தம் போட்டார்: "கீரையில இருக்கிற சத்து உடம்புல சேரவே ஒரு சொட்டு எண்ணெய் வேணும்மா. நோய் அவருக்கு, பத்தியம் உங்களுக்கா?" அம்மா சிரித்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு சனிக்கிழமை அப்பாவுக்கும் வெள்ளிக்கிழமை தனக்கும் நல்லெண்ணெய்க் குளியல் மட்டும் தவறாது. ஒரு குழிக்கரண்டி எண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்தபடி, "வயித்துக்குள்ள போகாதது தலைக்காவது போகட்டும்" என்பாள்.

அப்பா 2009இல் போனார், இதயத்தால் அல்ல. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, இனிமேலாவது அம்மா வாய்க்கு ருசியாகச் சாப்பிடட்டும் என்று என் மனைவி வத்தக்குழம்பில் நல்லெண்ணெய் மிதக்க மிதக்க வைத்துக் கொடுத்தாள். அம்மா இரண்டு வாயில் நிறுத்திவிட்டாள். "மூக்குல ஏறுது தாயி. நாக்கு மறந்துட்டு போல." அன்று ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு அடுக்களையில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மூன்று நூலில் ஒன்று எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்து இற்றுப்போயிருந்தது. அதை அவிழ்க்கிறாளா, இறுக்குகிறாளா என்று இருட்டில் தெரியவில்லை. நான் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

போன மாதம் என் ரிப்போர்ட் வந்தது. எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 171. டாக்டர் என் மகன் வயதுக்காரர். மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார், எண்ணெய் அளவைச் சொன்னார். சோற்றைப் பற்றியும் சொன்னார், இப்போதெல்லாம் சொல்கிறார்கள். எங்கே பால் வாங்குகிறீர்கள் என்று கேட்டு, ஆரஞ்சுப் பாக்கெட்டை விட்டு நீலத்துக்கு மாறச் சொன்னார், 6 சதவீதக் கொழுப்பிலிருந்து 3க்கு. அப்பாவுக்கு வந்தபோது என்ன வயது என்றும் கேட்டார். ஐம்பத்தாறு என்றேன். என் வயதைத் தாளில் பார்த்துக்கொண்டார்.

மனைவி அலுவலகத்தில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போயிருந்தாள். சமையல் என் பொறுப்பு. அம்மாவுக்கு இப்போது எண்பத்து நாலு. அடுக்களை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள், கண் பாதிதான் தெரியும். பீர்க்கங்காயை வேகவைத்துப் பருப்பில் போட்டுவிட்டு இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். எண்ணெய் பாட்டிலை எடுக்கிற சத்தம் கேட்கவில்லையே என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"எண்ணெய் விடலையா?"

"வேண்டாம்னுட்டாங்கம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. கடுகை உள்ளங்கையில் எடுத்தேன்.

"எய்யா, சட்டி நல்லா காயட்டும். போட்டுட்டு எட்டிப் பாக்காத, அது நேரம் பாத்து அடிக்கும். மூடியைக் கையில வச்சுக்கோ."